பக்கவாதத்துக்குப் பின்: மாத்திரையையும் பயிற்சியையும் ஒரே அட்டவணையில் இணைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பக்கவாதச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவரிடம் பெரும்பாலும் இரண்டு தாள்கள் இருக்கும். ஒன்று மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டு. மற்றொன்று இயன்முறை மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட், எழுதிக் கொடுத்த பயிற்சிப் பட்டியல். முதல் தாளில் பயிற்சியைப் பற்றியோ, இரண்டாவது தாளில் மாத்திரையைப் பற்றியோ எதுவும் இருப்பதில்லை. காலையில் போட்ட மாத்திரையால் பத்து மணிக்குத் தலை சுற்றுவதும், பயிற்சியின் நடுவே சர்க்கரை இறங்குவதும், உறக்கக் கலக்கத்தில் நடைப்பயிற்சி கைவிடப்படுவதும் இந்த இடைவெளியில்தான் நிகழ்கின்றன. இரண்டு தாள்களையும் ஒன்றாக்கும் வேலை வீட்டிலிருப்பவர்கள் மீதே விழுகிறது. அவர்களுக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. இங்கே கூறப்படும் நேரங்களும் அளவுகளும் பொதுவானவை. எந்த மாத்திரையின் வேளையையும் அளவையும் மாற்றுவதற்கு முன் அதை எழுதிய மருத்துவரின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

படி 1: மருந்து எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

செயலிழந்த கையையும் காலையும் மீட்டுத் தரும் மாத்திரை என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒன்று இன்றுவரை இல்லை. தேடல் நடக்காமல் இல்லை. பிரான்சில் 118 பேரிடம் நடத்தப்பட்டு 2011-ல் வெளியான ஃப்ளேம் ஆய்வில், மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃப்ளுவாக்செடின் மாத்திரையைப் பயிற்சியோடு சேர்த்து மூன்று மாதம் கொடுத்தபோது கைகால் இயக்கம் கூடுதலாக முன்னேறியது. அந்த நம்பிக்கையில் பிரிட்டனிலும், ஸ்வீடனிலும், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, வியட்நாம் ஆகிய நாடுகளிலும் ஏறத்தாழ 5,900 பேரிடம் மூன்று பெரிய ஆய்வுகள் நடத்தப்பட்டன. 2018 முதல் 2020 வரை வெளிவந்த அவற்றின் முடிவுகளில், அன்றாடச் செயல்பாட்டில் எந்தக் கூடுதல் நன்மையும் தெரியவில்லை. மாறாக, மருந்து எடுத்தவர்களிடையே எலும்பு முறிவு அதிகமாக இருந்தது. நடுக்குவாதத்துக்கு (பார்க்கின்சன் நோய்க்கு) தரப்படும் லெவோடோபா மருந்தின் கதையும் இதுவே. ஜெர்மனியில் 53 பேரிடம் நடந்த 2001-ஆம் ஆண்டு ஆய்வு நம்பிக்கை தந்தது. 593 பேரைச் சேர்த்து 2019-ல் வெளியான பிரிட்டன் ஆய்வும், 600-க்கும் மேற்பட்டோருடன் 2025-ல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வும் அதை உறுதிப்படுத்தவில்லை. எச்.ஐ.வி.க்கான மரவிராக் என்ற மருந்தை உடற்பயிற்சியோடு சேர்த்துச் சோதிக்கவும் கனடாவில் ஓர் ஆய்வு அமைக்கப்பட்டது. எலிகளிடம் கிடைத்த நல்ல முடிவே அதற்குத் தூண்டுதல்.

ஆகவே கையையும் காலையும் மீட்கும் வேலை பயிற்சியுடையது. அடுத்த பக்கவாதத்தைத் தடுப்பதும், தசை இறுக்கம், வலி, வலிப்பு, மனச்சோர்வு போன்ற தடைகளை விலக்கி அந்தப் பயிற்சி நடக்க வழிவிடுவதும் மருந்தின் வேலை. இந்தப் பிரிவினை புரிந்துவிட்டால், நரம்புக்குத் தெம்பு என்று விற்கப்படும் ஊசிக்கும் டானிக்குக்கும் செலவிடும் பணத்தை இன்னும் சில வாரப் பிசியோதெரபிக்குத் திருப்பலாம். புறா இரத்தத்தைத் தேய்ப்பது போன்ற பழக்கங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அதனால் நரம்பு மீள்வதில்லை. பயிற்சிக்குரிய நாட்கள்தாம் வீணாகும்.

படி 2: எந்த வகைப் பக்கவாதம் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

இரத்தக் குழாய் அடைபட்டு வருவது ஒரு வகை. குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிவது மற்றொரு வகை. முதல் வகையே அதிகம். அடைப்பு வகையில் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் போன்ற ஸ்டாடின், இரத்த அழுத்த மாத்திரை ஆகியவை அடிப்படை மருந்துகள். இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் வார்ஃபரின், அபிக்சபான், டாபிகட்ரான் போன்று இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து வரும். கசிவு வகையில் இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதே முதன்மை. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தார்களே என்று கசிவு வந்தவர் ஆஸ்பிரின் வாங்கிப் போடக் கூடாது.

சிறிய அளவிலான அடைப்புக்குப் பின் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் சேர்த்துக் கொடுத்தால், அது பொதுவாக 21 நாட்கள், அதிகம் போனால் 90 நாட்கள் வரைதான். அதன் பிறகு ஒன்று மட்டுமே தொடரும். சீட்டில் முடிவுத் தேதி எழுதப்பட்டிருக்காவிட்டால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டையும் காலவரம்பின்றித் தொடர்ந்தால் இரத்தக் கசிவு அபாயம் கூடும்.

படி 3: பயிற்சியைத் தொடங்கும் காலத்தைச் சரியாகப் பிடியுங்கள்

எவ்வளவு சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணத்தை 2015-ல் வெளியான அவெர்ட் ஆய்வு திருத்தியது. ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் நடந்த அந்த ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அதிக அளவில் எழுப்பி நடக்க வைக்கப்பட்டவர்களில் 46 சதவீதத்தினரும், வழக்கமான பராமரிப்பைப் பெற்றவர்களில் 50 சதவீதத்தினரும் மூன்று மாதத்தில் நல்ல நிலையை அடைந்திருந்தனர். முதல் நாளில் அவசரமும் அளவு மீறலும் கூடாது என்பதே இதன் பொருள். வாரக்கணக்கில் படுத்திருக்கலாம் என்பதல்ல. மருத்துவமனையில் இருக்கும்போதே, நிலை சீரானதும், குறுகிய நேரமாகப் பலமுறை உட்காரவும் நிற்கவும் தொடங்க வேண்டும்.

வீடு திரும்பிய பிறகான முதல் மூன்று மாதங்கள்தாம் கையிருப்பில் மிக மதிப்பானவை. அமெரிக்காவில் 72 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வு ஒன்றில், கைக்கு 20 மணி நேரக் கூடுதல் பயிற்சியைப் பக்கவாதம் வந்து இரண்டு முதல் மூன்று மாதம் ஆன கட்டத்தில் தொடங்கியவர்களே அதிக முன்னேற்றம் கண்டனர். ஆறு மாதத்துக்குப் பின் அதே பயிற்சியைப் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் தெரியவில்லை. ஆறு மாதம் தாண்டியவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. நடைவேகமும் உடல் தாங்குதிறனும் அதன் பிறகும் மேம்படுகின்றன. ஆனால், மாத்திரையெல்லாம் ஒத்துப்போகட்டும், பிறகு பிசியோ பார்த்துக்கொள்ளலாம் என்று முதல் மூன்று மாதத்தைக் கழித்துவிடுவது பெரிய இழப்பு.

படி 4: ஒவ்வொரு மாத்திரைக்கும் எதிரே, பயிற்சியில் அது என்ன செய்யும் என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து மாத்திரைகளின் பெயர்களை வரிசையாக எழுதி, எதிரே கீழ்க்கண்ட குறிப்புகளில் பொருந்துவதை எழுதுங்கள். மருந்துக் கடைக்காரரோ பகுதிச் செவிலியரோ உதவுவார்கள். மற்றப் படிகளில் சிறு பிழைகள் நேர்ந்தாலும் சமாளித்துவிடலாம். இதில் மட்டும் கவனம் குறையக் கூடாது.

இரத்த அழுத்த மாத்திரைகள்: அம்லோடிபின், டெல்மிசார்டன் போன்றவை எழுந்து நிற்கும்போது அழுத்தத்தைச் சட்டென்று இறக்கக்கூடும். ஆகவே படுக்கையிலிருந்து நேராக நிற்காமல், விளிம்பில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழ வேண்டும். பயிற்சி முடிந்ததும் சட்டென்று நின்றுவிடாமல் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து ஓய வேண்டும். சிறுநீர் பெருக்கி மாத்திரையும் இருந்தால், கோடை நாட்களில் நீரிழப்பு இதோடு சேர்ந்துகொள்ளும். அந்த மாத்திரை போட்ட ஓரிரு மணி நேரத்துக்குள் கழிப்பறைக்கு அவசரமாகப் போக வேண்டிவருவதால் பயிற்சியும் தடைபடும், விழும் ஆபத்தும் கூடும்.

மெட்டோப்ரொலால், அடெனலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் நாடித் துடிப்பை உயர விடாமல் பிடித்து வைக்கும். கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பிப் பயிற்சியின் வேகத்தைக் கூட்டக் கூடாது. பேச்சைக் கொண்டு அளப்பதே எளிது: பயிற்சியின்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவு மூச்சு வாங்க வேண்டும். பேச்சே துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம். பக்கவாதத்தால் பேச்சுத் திறனையே இழந்தவர்களுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அவர்களுடைய முகத்தையும் மூச்சையும் பார்த்து உடனிருப்பவரே கணிக்க வேண்டும்.

நீரிழிவு மருந்துகள்: மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிமெபிரைட், கிளிபென்கிளமைடு போன்றவற்றையோ இன்சுலினையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யக் கூடாது. பயிற்சிக்கு முன் சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு மூன்று பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்; 300-க்கு மேல் இருந்தால் அன்று பயிற்சியைத் தள்ளி வைத்து மருத்துவரிடம் கேட்க வேண்டும். சர்க்கரை இறங்கினால் வரும் குழறலும் தள்ளாட்டமும் புதிய பக்கவாதம் போலவே தோன்றும் என்பதால், குளுக்கோமீட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது நல்லது.

இரத்தம் உறைவதைத் தடுப்பவை: வார்ஃபரினோ அபிக்சபானோ எடுப்பவர் பயிற்சியைக் குறைக்கத் தேவையில்லை, விழாமல் செய்ய வேண்டும். தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பயிற்சியால் வரும் தோள் வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடுவது இவர்களுக்கும், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் எடுப்பவர்களுக்கும் வயிற்றில் இரத்தக் கசிவை வரவழைக்கக்கூடும். பாரசிடமால் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஸ்டாடின்: பயிற்சி தொடங்கிய வாரத்தில் தசை வலிப்பது இயல்பு; இரண்டு மூன்று நாளில் குறையும். இரண்டு தொடைகளிலும் ஒரே சீராக நீடிக்கும் வலியோ பலவீனமோ மாத்திரையால் இருக்கலாம். சிறுநீர் தேநீர் நிறத்துக்கு மாறினால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலிக்கிறது என்று நாமாகவே ஸ்டாடினை நிறுத்திவிடக் கூடாது; அளவையோ வகையையோ மாற்ற வழி இருக்கிறது.

உறக்கம் தருபவை: தசை இறுக்கத்துக்கான பாக்லோஃபென், டிசானிடின், நரம்பு வலிக்கான கபாபென்டின், வலிப்புக்கான லெவெடிராசெட்டம் ஆகியவை மந்தத்தை உண்டாக்கலாம், டிசானிடின் இரத்த அழுத்தத்தையும் இறக்கும். தூக்கத்துக்காக அல்ப்ரசோலம், டயசெபம் ஆகியவற்றைத் தாமாகவே தொடர்கிறவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. டயசெபம் வகை மருந்துகள் மூளையின் மீட்சியையே தாமதப்படுத்தலாம் என்பதற்கு விலங்கு ஆய்வுகளில் சான்றுகள் உண்டு.

படி 5: தசை இறுக்கத்துக்கான மருந்தைப் பயிற்சியோடு நேரம் பார்த்துப் பொருத்துங்கள்

மருந்தின் நேரமும் பயிற்சியின் நேரமும் நேரடியாகக் கைகோக்கும் இடம் இது. பாக்லோஃபெனும் டிசானிடினும் விழுங்கிய ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் உச்ச அளவை எட்டும். இறுகிய விரல்களையும் முழங்கையையும் நீட்டும் பயிற்சியை அந்த நேரத்தில் வைத்தால் தசை இடம் கொடுக்கும். ஆனால் அதே நேரத்தில் உறக்கமும் தள்ளாட்டமும் வருகிறவருக்கு நடைப்பயிற்சியை அங்கே வைக்கக் கூடாது. உட்கார்ந்தும் படுத்தும் செய்யும் நீட்சியை அங்கே வைத்துவிட்டு, நடையை வேறு வேளைக்கு மாற்ற வேண்டும். காலின் இறுக்கமே சிலருக்கு நிற்க உதவும் முட்டாக இருப்பதால், மாத்திரையின் அளவு கூடியதும் கால் மடங்கினால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பாக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் குழப்பமும் வரலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

போட்டுலினம் ஊசி போட்டவர்களுக்குச் சில நாட்களில் தசை தளரத் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் பலன் உச்சத்தை அடைந்து, ஏறத்தாழ மூன்று மாதம் நீடிக்கும். விலையுயர்ந்த அந்த ஊசியைப் போட்டுவிட்டுப் பயிற்சியின்றி உட்கார்ந்திருப்பதில் பொருளில்லை. ஊசிக்கு நாள் குறிக்கும்போதே அதற்கடுத்த ஆறு வாரங்களுக்கான பிசியோதெரபி நேரத்தையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

படி 6: தொடங்கும் முன் ஐந்து நிமிடச் சோதனை

பாதிக்கப்படாத கையில் இரத்த அழுத்தத்தைப் பாருங்கள். வீட்டில் பயிற்சி செய்பவருக்கு 180/100-க்கு மேலிருந்தால் ஓய்வெடுத்து மீண்டும் பார்த்து, குறையாவிட்டால் அன்றைக்குத் தவிர்த்து மருத்துவரிடம் கேட்பது பாதுகாப்பானது. மேல் எண் 100-க்குக் கீழே இருந்து தலை சுற்றினாலும் அப்படியே. காலை மாத்திரை போட்டாயிற்றா, சாப்பிட்டாயிற்றா, தரையில் ஈரமோ சுருண்ட பாயோ இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்குப் பயிற்சியின் நடுவே தண்ணீரை மடமடவென்று கொடுக்கக் கூடாது. கெட்டிப்படுத்திய நீர் பரிந்துரைக்கப்பட்டிருந்தால் அதையே கொடுக்க வேண்டும். மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதாக இருந்தால், மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது என்பதால், ஒவ்வொன்றையும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படி 7: பயிற்சியில் என்னென்ன இருக்க வேண்டும்

மூச்சு வாங்க வைக்கும் நடை அல்லது நிலையான சைக்கிள், வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள், 20 நிமிடத்திலிருந்து படிப்படியாக உயர்த்தலாம். அவ்வளவு முடியாதவர் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துச் செய்யலாம். அமெரிக்க இதயச் சங்கமும் பக்கவாதச் சங்கமும் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டல், குறைந்தபட்சம் பத்து நிமிட மிதமான பயிற்சியை வாரத்துக்கு நான்கு முறை என்று கூறுகிறது. இதோடு வாரத்தில் இரண்டு மூன்று நாள் வலுவூட்டும் பயிற்சி: நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருதல், படியில் ஒரு காலை வைத்து ஏறி இறங்குதல், எலாஸ்டிக் பட்டையை இழுத்தல், ஒவ்வொன்றும் 10 முதல் 15 முறை. மூச்சை அடக்கிக்கொண்டு முக்கக் கூடாது. அது இரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றும்.

கைக்கான பயிற்சியில் அளவுதான் பெரும் குறை. அமெரிக்காவிலும் கனடாவிலும் மறுவாழ்வு மையங்களைக் கவனித்து 2009-ல் வெளியான ஆய்வில், ஒரு பயிற்சி வேளைக்குச் சராசரியாக 32 பயனுள்ள கையசைவுகளே நடந்தன. விலங்கு ஆய்வுகளில் மூளை மாற்றத்துக்கு நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டது. ஆகவே பிசியோதெரபிஸ்ட் வரும் அரை மணி நேரத்தோடு நிறுத்தாமல், பாதிக்கப்பட்ட கையால் டம்ளரை எடுத்து வைப்பது, பட்டாணியைக் கிண்ணத்துக்கு மாற்றுவது, துண்டை மடிப்பது என நாள் முழுவதும் பயன்பாட்டைப் பரப்ப வேண்டும். விரல்கள் ஏற்கெனவே மடங்கி இறுகியிருப்பவருக்கு அமுக்கும் பந்து பெரிதாக உதவாது. அவருக்குத் தேவை விரலைத் திறக்கும் பயிற்சி. விட்டத்தில் கயிற்றுக் கப்பி கட்டிப் பலவீனமான கையை மேலே இழுப்பது தோளைக் காயப்படுத்தும் என்பதால் அதை விட்டுவிடலாம்.

வசதியான மையம் இல்லாதது பெரிய குறை என்று வருந்த வேண்டாம். அமெரிக்காவில் 408 பேரிடம் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், உடல் எடையைத் தாங்கும் டிரெட்மில்லில் பயின்றவர்களும், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து கற்றுக்கொடுத்த பயிற்சிகளைச் செய்தவர்களும் ஒரே அளவில் முன்னேறினர். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட்தான் அங்கே முக்கியம். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் நடந்து 2017-ல் வெளியான அட்டெண்ட் ஆய்வில், குடும்பத்தினருக்கு மட்டும் பயிற்சி முறையைக் கற்றுக்கொடுத்து விட்டுவிட்டபோது கூடுதல் பலன் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யலாம்.

படி 8: ஒரு நாள் அட்டவணை

கிளிமெபிரைட், அம்லோடிபின், குளோபிடோக்ரெல், பாக்லோஃபென், அடோர்வாஸ்டாடின் எடுக்கும் ஒருவருக்கு நாள் இப்படி அமையலாம். காலை ஆறரைக்கு எழுந்து, உட்கார்ந்து, அழுத்தத்தைப் பார்த்தல். ஏழரைக்குக் கிளிமெபிரைட், உடனே இட்லி; சாப்பிட்டதும் மற்றக் காலை மாத்திரைகள். ஒன்பது மணிக்கு, பாக்லோஃபென் வேலை செய்யும் நேரத்தில், கை நீட்சியும் கைப் பயிற்சியும் முப்பது நிமிடம். மதிய உணவுக்குப் பின் ஓய்வு. பக்கவாதத்துக்குப் பின் வரும் அசதியைச் சோம்பல் என்று கடிந்துகொள்ள வேண்டாம். மாலை நான்கரைக்குத் தேநீரும் சிற்றுண்டியும் முடித்து, வெயில் தணிந்ததும் இருபது நிமிட நடை, ஒருவர் பலவீனமான பக்கத்தில் உடன் வர. இரவு உணவுக்குப் பின் அடோர்வாஸ்டாடின். மாத்திரைக்கும் பயிற்சிக்கும் அருகருகே கட்டம் போட்டு டிக் செய்தால், எந்த மாத்திரை மாறிய நாளிலிருந்து நடை தளர்ந்தது என்பது தானாகவே தெரியவரும்.

படி 9: எப்போது நிறுத்த வேண்டும்

மார்பு வலி, படபடப்பு, கண் இருட்டல், வழக்கத்தை மீறிய மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்தி உட்கார வைக்க வேண்டும். மார்பு வலி அடங்காவிட்டால் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். முகம் ஒருபுறம் கோணுவது, கை புதிதாகத் தளர்வது, பேச்சு குழறுவது, இதுவரை இல்லாத கடும் தலைவலி ஆகியவற்றிலும் அப்படியே அழைத்து, அறிகுறி தொடங்கிய நேரத்தையும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையைக் கடைசியாகப் போட்ட நேரத்தையும் சொல்லுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி போடலாமா என்பதைத் தீர்மானிக்க அந்த இரண்டு நேரங்களும் உதவும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அதைத் தேய்த்துவிடக் கூடாது. இரத்தக் கட்டி இருக்கலாம்.

படி 10: மறுபரிசோதனைக்கு எதைக் கொண்டுபோவது

நடை திரும்பியதும் மாத்திரையை நிறுத்திவிடுவது நம்மிடையே பரவலான தவறு. நடை மேம்பட்டது பயிற்சியால். அடைப்பை உண்டாக்கிய காரணம் உடலுக்குள் அப்படியே இருக்கிறது. அதேபோல், பயிற்சியால் அழுத்தமும் சர்க்கரையும் குறைந்து, பழைய அளவு மாத்திரை இப்போது அதிகமாகிவிடுவதும் உண்டு. அதையும் மருத்துவரே குறைக்க வேண்டும். ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு வரும் மனச்சோர்வையும் சொல்லத் தயங்காதீர்கள். அதற்குத் தரும் மாத்திரை கைகாலை மீட்காது என்றாலும், பயிற்சிக்கு எழுந்து வரும் மனத்தை மீட்கும். ஒவ்வொரு முறையும் டிக் செய்த அட்டவணை, இரண்டு வார அழுத்த அளவுகள், விழுந்த நாட்கள், வெறும் அட்டைகள் உட்பட எல்லா மாத்திரைகளும் அடங்கிய பை, இவற்றை எடுத்துக்கொண்டு போய், இந்த மாத்திரைகளில் எது எப்போது முடியும், எதை எந்த வேளைக்கு மாற்றினால் பயிற்சிக்கு உதவும் என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். கிடைக்கும் பதிலின் நகலைப் பிசியோதெரபிஸ்ட்டிடமும் கொடுத்துவிடுங்கள்.